எண்ணூர் பக்கம் வீடு கட்டும்போது தூண், பீமுக்கு ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வரும் நுண்சாம்பல்) கலந்த சிமெண்ட் போடலாமா? பலம் குறையாதா?

தாராளமாகப் போடலாம். கடலோரத்தில் நான் அதைத்தான் சொல்வேன். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது சுண்ணாம்பு மிஞ்சும். அது பலத்துக்கு உதவாது. சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் பசையை உண்டாக்கி நுண்துளைகளை அடைக்கிறது. உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிப்பது தாமதமாகும். திருவொற்றியூர், காசிமேடு பக்கம் ஸ்லாப் பெயர்ந்து கம்பி தெரியும் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் இந்த வினை மெதுவானது. காங்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் 7 நாள் கியூப் டெஸ்டில் பலம் குறைவாகத்தான் காட்டும். 28 நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். அதனால் சென்ட்ரிங்கை (காங்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டுகளை) அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456, சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் கியூரிங் (ஈரமாக வைத்திருப்பது) கேட்கிறது, சாம்பல் கலக்காத சாதா ஓபிசி சிமெண்டுக்கு 7. மேஸ்திரி மூன்றாம் நாளே ஈரச் சாக்கை உருவினால் சிமெண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

அத்திப்பட்டு அனல்மின் நிலையம் பக்கத்தில்தானே என்று, செப்பாக்கம் சாம்பல் குளத்திலிருந்து லாரியில் வருவதை வாங்கிக் கலக்காதீர்கள். அது தண்ணீரோடு குழாயில் போய்ப் படிந்தது, கொதிகலன் அடியில் விழும் பருமனான அடிச்சாம்பலும் கலந்திருக்கும். விரலில் தேய்த்தால் நறநறக்கும். புகைபோக்கிக்கு முன்னால் மின்வடிப்பானில் பிடிக்கும் உலர்சாம்பல் டால்கம் பவுடர்போல வழுக்கும். காங்கிரீட்டுக்கு அதுதான், அதுவும் சாம்பலுக்கான தரவிதி ஐஎஸ் 3812 சோதனையில் தேறியிருந்தால்.

தனி வீட்டுக்கு இந்த வம்பே வேண்டாம். பிபிசி (ஆலையிலேயே சாம்பல் கலந்து வரும் சிமெண்ட்) மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் சாம்பல் ஏற்கெனவே இருக்கிறது. சைட்டில் மறுபடி சேர்க்காதீர்கள்.