ரிங்லெட் ஆற்றோர வீடு வேண்டுமா?

தம்பி, மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கிற ரிங்லெட்டில் ஆற்றோரம் வாடகை வீடு எடுக்கலாமா, 2024-இல் ஹெலீன் சூறாவளி அமெரிக்காவின் ஆஷ்வில் மலைநகரைச் சீரழித்தது மாதிரி இங்கேயும் நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். சூறாவளி நம்ம பக்கம் அபூர்வம், பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்டே அது சுழன்று வலுப்பெறுவது கடினம் (2001 டிசம்பரில் ஜொகூரைத் தொட்ட வாமெய் ஒரு விதிவிலக்கு). ஆனால் ஆஷ்வில்லில் பெரிய சேதம் செய்தது மழைவெள்ளம்தான், சரிவில் விழுந்த தண்ணீரெல்லாம் பள்ளத்தாக்கில் வந்து சேர்ந்தது. அதற்குப் புயலே வேண்டாம். 2013 அக்டோபரில் அணை நீரைத் திறந்தபோது ரிங்லெட்டை அடுத்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் இரவோடு இரவாகச் சேற்று வெள்ளம் புகுந்ததே! வீட்டுக்காரர் 'இங்கே தண்ணியே வராது' என்பார், நம்பாதீர்கள். பக்கத்து லயத்துப் பாட்டியிடம் கேளுங்கள், பின்சுவரில் சேற்றுக் கோடு தெரிகிறதா பாருங்கள். அப்புறம், ஆற்றைக் கடக்காமல் மேட்டுக்கு ஏற வழி இருக்கிறதா? இல்லையென்றால் நானாக இருந்தால் வேறு வீடு தேடுவேன்.