நாடகத்துக்குப் பழைய பிரெஞ்சு ஆண்கள் வெயிஸ்ட்கோட் தைக்கிறேன். எம்பிராய்டரியை எங்கே, எப்படிப் போடுவது?

முதலில் ஒன்று: தைத்து முடித்துவிட்டு மேலே பூப் போடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் எம்பிராய்டரிதான் முதல் வேலை, தையல் அப்புறம். வெட்டாத பட்டில் இரண்டு முன்பக்கம், பாக்கெட் மூடி, பொத்தானைப் போர்த்தும் குட்டி வட்டங்கள் எல்லாவற்றையும் வரைந்து, அந்தக் கோட்டுக்குள்ளேயே பூவேலையை முடித்துவிடுவார்கள். வாங்குகிறவர் அதைத் தையல்காரரிடம் கொடுத்துத் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்வார். கழுத்திலும் கையிலும் ஆரி வொர்க் போட்டு, தைக்காமல் நம் கடைகளில் விற்கும் பிளவுஸ் பீஸ் மாதிரிதான். வெட்டப்படாமலே தங்கிவிட்ட துணிகள் நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தைத்த உடையைவிட அந்தத் துணிகளின் படங்களில்தான் டிசைன் தெளிவாகப் புரியும்.

பார்த்தால் உங்களுக்கே தெரியும்: கனமான வேலையெல்லாம் பொத்தான் ஓரத்திலும் கீழ் விளிம்பிலும் பாக்கெட்டைச் சுற்றியும்தான். நடுவில் சின்னப் பூக்களைத் தூவிவிட்டிருப்பார்கள். முதுகுக்கு வெறும் லினனோ பருத்தியோ போதும். மேல்கோட் மறைக்கிற இடத்துக்கு யார் பட்டுக்குச் செலவு செய்வார்கள்?

அடுத்து எந்தக் காலம் என்று முடிவு செய்யுங்கள். 1750 வாக்கில் வெயிஸ்ட்கோட் தொடை வரை நீளம். பெரிய பூக்கள், சரிகை, ஜமிக்கி. 1780களில் இடுப்பளவுக்குச் சுருங்கி, வெளிர் நிறப் பட்டில் மெல்லிய கொடிகள் வந்தன. சிலவற்றில் குரங்கு, பாழடைந்த கோயில் என்று குட்டிக் காட்சிகளும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து வெயிஸ்ட்கோட் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘அங்கி போட்டவனெல்லாம் துறவியாகிவிட மாட்டான்’ என்ற பிரெஞ்சுப் பழமொழியையே அதில் தைத்திருக்கிறார்கள். குறும்புக்காரர்கள்!

டிசைனைத் துணிக்கு மாற்றுவது எளிது. அரசரின் எம்பிராய்டரி வரைவாளராக இருந்த சார்ல் ஜெர்மேன் த செந்த்-ஓபேன் 1770இல் வெளியிட்ட நூலிலேயே முறை இருக்கிறது: காகிதத்தில் ஊசியால் வரிசையாகத் துளையிட்டு, அதன் வழியே பொடியைத் தேய்ப்பது. உங்கள் ஊர் ஆரி வேலைக்காரருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் பூ இதழ்களுக்குச் சங்கிலித் தையல் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்ல மாறும்படி, நூலை நெருக்கமாக அடுக்கி நிரப்பும் சாட்டின் தையல் போட்டால்தான் அந்தக் காலத்துக் களை வரும்.

மேடைக்கு என்றால் என் ஓட்டு 1750க்குத்தான். 1780களின் நுண்ணிய வேலை மூன்றாவது வரிசையைத் தாண்டிக் கண்ணுக்கே தெரியாது. சரிகையும் ஜமிக்கியும் கடைசி வரிசை வரை மின்னும்.