தேரோட்டத்தில் கேட்ட குரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் காரைக்குடிக்காரி. செக்காலையில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இப்போது சிங்கப்பூரில் இருக்கிறேன். ஒவ்வொரு செப்டம்பர் 12-ம் தேதியும் பாடகி சுவர்ணலதா பாட்டைப் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குள்ளேயே நுழைவேன். 2010-ல் அவர் இறந்த செய்தி வந்தபோது என் மகள் கைக்குழந்தை. இந்த வருஷம் ‘மாலையில் யாரோ’ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள், “ஏம்மா, இவங்க எப்பவுமே சோகமாவே இருந்தாங்களா?” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருவருக்காக இத்தனை வருஷம் கழித்தும் கண் கலங்குவாயா என்று என் வீட்டுக்காரர் வேறு கேட்கிறார். அண்ணே, அந்தக் குரலிலேயே சோகம் இருந்ததா? இல்லை, அவர் போய்விட்டதால் நமக்கு அப்படிக் கேட்கிறதா?

மீ., சிங்கப்பூர்

அன்புள்ள மீ.,

கண் கலங்குவது சரிதான். உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் ராத்திரி பஸ்ஸிலும் இருபது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்த குரல் அது. அப்படி ஒருவரை நேரில் பார்த்தால்தான் உறவு என்று இல்லை.

மகள் கேட்டதற்கு வருகிறேன். அந்தக் கேள்வியை இரண்டு நாளாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். என் பதில், நீங்கள் இரண்டாவதாகச் சொன்னதுதான். அவர் போனபிறகுதான் அந்தக் குரலுக்கு நாம் சோகத்தைப் பூசினோம்.

1991, 92 வாக்கில் எங்கள் தெரு மைக்செட் அண்ணனுக்கு நான்தான் எடுபிடி. கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா வந்தால் கல்லுக்கட்டிப் பக்கம் நாலு இடத்தில் குழாய் கட்டுவோம். மூங்கிலைத் தூக்கிப் பிடிப்பது, வயர் இழுப்பது, கேசட் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவது எல்லாம் என் வேலை. அந்தக் குழாய் ஸ்பீக்கரில் ஒரு குறை உண்டு. அடிச்சத்தத்தைத் தின்றுவிடும். தபேலாவும் கிதாரும் எங்கோ போய்விட, நடுவில் இருக்கும் சத்தம் மட்டும் தகரத்தைத் தட்டினமாதிரி வெளியே வரும். பல பெண் குரல்கள் அதில் கீச்சென்று காதைக் குத்தும். சுவர்ணலதா குரல் குத்தாது. கீழே ஒரு கனம் வைத்துக்கொண்டுதான் அவர் மேலே போவார். அந்தக் கனம் குழாயையும் தாண்டி வந்து சேர்ந்தது.

எங்கள் மைக்செட் அண்ணனுக்கு அவர் பெயர் தெரியாது. “அந்தப் பிள்ளை பாட்டப் போடுடா, குழா நல்லாருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும்” என்பார். நான் ‘ஆட்டமா தேரோட்டமா’ போடுவேன். எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு ஆயா காலை நீட்டி உட்கார்ந்து கொட்டைப்பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார். பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பாக்குவெட்டி தாளத்தோடு விழ ஆரம்பிக்கும். டக், டக், டக். தாளம் போடுகிறோம் என்று அவருக்கே தெரியாது. பாட்டு முடிந்ததும் கை நின்றுவிடும். மடியில் பாக்கு குவிந்து கிடக்கும். நான் முதலில் அறிந்த சுவர்ணலதா இதுதான். கேசட் அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் பெயரைத் தெரிந்துகொண்டேன்.

‘ஆட்டமா தேரோட்டமா’ வந்த அதே 1991-ல் ‘தளபதி’யில் எஸ்.பி.பி.யோடு ‘ராக்கம்மா’, ‘சின்னத் தம்பி’யில் ‘போவோமா ஊர்கோலம்’. இதில் எது சோகப் பாட்டு?

சரி, உங்கள் மகள் கேட்ட ‘மாலையில் யாரோ’வுக்கே வருவோம். ‘சத்ரியன்’ படம், 1990, இளையராஜா இசை. அந்த இடத்தில் சாவும் இல்லை, பிரிவும் இல்லை. மனசுக்குள் காதல் புகுந்துவிட்ட ஒரு பெண் தனியாகப் பாடிக்கொள்கிறாள். சந்தோஷம்தான் அது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை ஊருக்குச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்கிறமாதிரி சுவர்ணலதா எடுக்கிறார். ‘யாரோ’வில் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். அவசரமே கிடையாது. அந்த நிதானத்தைத்தான் இன்றைக்கு நாம் துக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்போது அவருக்கு 17 வயது என்பதை மகளிடம் சொல்லுங்கள். கிட்டத்தட்ட அவள் வயசுதான்.

பாலக்காட்டுப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் பத்ராவதியில் வளர்ந்தவர். அப்பா ஹார்மோனியம் வாசிப்பவர். 1987-ல் ‘நீதிக்குத் தண்டனை’யில் எம்.எஸ்.வி. இசையில் யேசுதாசோடு பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடித்தான் சினிமாவுக்கு வந்தார். 14 வயது. தமிழ் பிறந்த வீட்டுப் பேச்சு இல்லை. ஆனால் பாட்டில் உசிலம்பட்டி என்றாலும் தேரோட்டம் என்றாலும் நம் தெருவில் பிறந்தவர் வாயிலிருந்து வருகிறமாதிரி இருந்தது.

துக்கப் பாட்டு பாடவில்லை என்று சொல்ல வரவில்லை. ‘கருத்தம்மா’வில் ‘போறாளே பொன்னுத்தாயி’ இருக்கிறது. தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. அதைக் கேட்கும்போது எனக்கு எங்கள் அப்பத்தா போன அன்றைக்கு ஒப்பாரி எடுத்த ஒரு வயசான அம்மாதான் ஞாபகத்துக்கு வருவார். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், சுற்றி உட்கார்ந்த அத்தனை பேரும் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். எடுத்துக்கொடுக்கிற அந்த அம்மா மட்டும் அழவில்லை. ஒவ்வொரு சொல்லும் முழுசாக, பிசிறில்லாமல் வந்தது. அவர் தொண்டை அடைத்துப்போனால் மற்றவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு அழுவது? ‘போறாளே’யில் சுவர்ணலதா செய்வதும் அதுதான். அழுகையை நம்மிடம் விட்டுவிட்டுச் சொல்லை அவர் பிடித்துக்கொள்கிறார். அது அவருடைய தேர்ச்சி. அதை வைத்து அவர் வாழ்க்கையே அப்படித்தான் என்று முடிவுகட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதே 1994-ல், அதே ஏ.ஆர்.ரஹ்மான் இசையில், மனோவோடு ‘முக்காலா’ பாடியதும் அவர்தானே!

அவர் அதிகம் பேட்டி கொடுத்தவர் இல்லை. அந்த அமைதியை நாம் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டோம். இப்போது எங்கே தேடினாலும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், பக்கத்தில் எரிகிற மெழுகுவத்தி, மேலே ‘சோகக் குயில்’ என்று எழுத்து. நுரையீரல் நோயில் 37 வயதில் போனார். அதை நினைத்தால் எனக்கும் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தக் கடைசி நாளைக் கொண்டுபோய் 1991-ன் தேரோட்டத்துக்கு மேலே போர்த்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவர் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். நான் குன்றக்குடி சாலையில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளையார்பட்டிக்குப் போய்த் திரும்பிய கூட்டம் இன்னும் வடியவில்லை. யாரோ போனில் கேட்டுவிட்டுச் சேதி சொன்னார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தன் செல்போனை எடுத்து வெகுநேரம் தேடினார். சோகப் பாட்டு வரும் என்று நினைத்தேன். ‘ஆட்டமா தேரோட்டமா’ போட்டார். நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட அதைத் தப்பாக நினைக்கவில்லை. முழுப் பாட்டும் முடிகிறவரை யாரும் டீயும் கேட்கவில்லை.

நம் பக்கம் படைப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போனவர்களுக்குப் புதுச்சேலை எடுத்து வைக்கிறோம், விதவிதமாகச் சமைத்துப் பரப்புகிறோம், பங்காளிகள் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எங்கள் அப்பத்தாவுக்கு அரக்குக் கலர் கண்டாங்கி வாங்கினோம். அவர் ஆசைப்பட்டுக் கட்டுகிற கலர் அது. சின்னப் பிள்ளைகள் வளவைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடின. யாரும் அதட்டவில்லை.

அடுத்த செப்டம்பரில் மகளுக்கு முதலில் ‘போவோமா ஊர்கோலம்’ போடுங்கள். அப்புறம் ‘முக்காலா’. ‘ஆட்டமா தேரோட்டமா’வை மட்டும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். அது தெருவுக்கான பாட்டு. ‘மாலையில் யாரோ’வைக் கடைசியாக, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அதற்குப் பிறகும் அவள் இதே கேள்வியைக் கேட்கிறாளா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்