மகன் பட விழாவுக்குக் கூப்பிடுகிறான், போகலாமா?

கேள்வி: அக்கா, என் மகன் மும்பையில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறான். "இந்த வருஷம் கஷிஷ் விழாவுக்கு நீயும் வாம்மா, டிக்கெட் போடுறேன்" என்று போனில் சொன்னான். என்ன விழா என்று போனிலேயே தேடிப் பார்த்தேன். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் விரும்புகிற படங்களாம், திருநங்கைகள் படமாம். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. போகவா வேண்டாமா?
(பெயர் வேண்டாம், திருமங்கலம்)

பதில்: போ தங்கச்சி. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

கஷிஷ் என்றால் ஈர்ப்பு என்று அர்த்தம். ஸ்ரீதர் ரங்கயன் என்ற இயக்குநர் 2010இல் மும்பையில் தொடங்கிய விழா, வருஷா வருஷம் பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் நடக்கிறது. எங்கோ மூடின அறைக்குள் ஒளித்து வைத்து நடத்துவதில்லை. பல வருஷம் லிபர்ட்டி என்ற பழைய தியேட்டரில்தான் நடந்தது, 1949இல் கட்டியது, நம்ம ஊர் தங்கம் தியேட்டர் காலத்தது என்று வைத்துக்கொள்ளேன். பதினெட்டு வயது ஆனவர்கள் முன்பே பெயர் பதிவு செய்துகொண்டு உள்ளே போகலாம். பெற்றவர்களும் வருவார்கள், நீ ஒருத்தி மட்டும் சேலை கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாயோ என்று பயப்படாதே.

மொழிக்கு வருகிறேன். அடியில் இங்கிலீஷில்தான் எழுத்து ஓடும். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காதோடு சொல்லச் சொல். நான் சென்னையில் இதே மாதிரி ஒரு விழாவுக்கு என் சித்தி மகனோடு போனபோது அப்படித்தான் பார்த்தேன். ராத்திரி பாண்டியனில் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, நேராக அங்கேதான் போனோம். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் ஓடுகிற குறும்படங்களாக வரிசையாகப் போட்டார்கள். ஒன்றில் ஒரு பையன் அம்மாவோடு சமையல்கட்டில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லப் பார்ப்பான், ஒவ்வொரு தடவையும் குக்கர் விசில் அடித்துவிடும். அதைப் பார்த்து நான் அழுதேன், அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை நேராகப் பேசியது கிடையாது.

உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், சில படங்களில் நெருக்கமான காட்சிகள் இருக்கும். சங்கடமாக இருந்தால் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வா, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போட்டோ எடுப்பார்கள், வேண்டாம் என்றால் மகனிடம் முன்பே சொல்லிவிடு.

இப்போது உன் தூக்கம் கெட்ட விஷயம். அவன் தன்னைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிடுகிறானா, நண்பனுக்காகப் போகிறவனா, எனக்குத் தெரியாது. நீயும் போனைப் பார்த்து முடிவு கட்டாதே. அவனாகச் சொல்லட்டும். சொன்னால், "யார் உன்னை இப்படி ஆக்கினது" என்று மட்டும் கேட்டுவிடாதே. ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல நம் வீடுகளில் பத்துப் பேர் வருவார்கள், அந்தப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதே. அதில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகும்.

என் சித்தி மகனை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மதுரையிலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். கூட்டிப்போனவர்களில் நானும் ஒருத்தி. மாத்திரை கொடுத்தார், அவன் ஆறு மாதம் தூங்கித் தூங்கி விழுந்தான், வேலை போனது, எங்களோடு பேச்சை நிறுத்தினான். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்படி மாற்றுகிறேன் என்று வைத்தியம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. அதனால் உனக்கு யாராவது டாக்டர் பெயர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

வீட்டுக்காரரிடம் எப்போது, எதைச் சொல்வது என்பதை மகனைக் கேட்டு முடிவு செய். இப்போதைக்கு மகனைப் பார்க்கப் போகிறேன் என்றால் போதும், அது உண்மையும்கூட. நாகர்கோவிலில் இருந்து மும்பை போகிற எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகத்தான் போகிறது. ஒன்றரை நாள் பயணம், புளியோதரை கட்டிக்கொள், அவனுக்கும் சேர்த்து.

கேள்வி: நல்ல படம் என்றால் எல்லாப் படத்தோடும் சேர்ந்து வரட்டுமே, இவர்களுக்கு எதற்கு மேடம் தனி விழா?
(ஒரு வாசகர், உசிலம்பட்டி)

பதில்: நீங்களும் நானும் சின்ன வயதில் இருந்து பார்த்த சினிமாவில் இவர்கள் எதற்கு வந்தார்கள்? காமெடிக்கு. கைதட்டி நடக்க வைத்து, கேலிப் பெயர் சொல்லி, தியேட்டரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அடுத்த சீட்டில் என் தம்பி, அந்தச் சித்தி மகன்தான், உட்கார்ந்திருந்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. அவர்கள் கதையை அவர்களே சொல்ல ஓர் இடம் வேண்டாமா?

இன்னொன்று, இந்த வருஷங்களைப் பாருங்கள். தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப் பிரிவு, வயது வந்தவர்கள் மனம் ஒப்பி இருந்தால் செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் சொன்னது, அடுத்த வருஷம் கஷிஷ் தொடங்கியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, மறுபடி குற்றம். அப்போதும் அவர்கள் விழாவை நிறுத்தவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் குற்றமில்லை என்று முடிவானது. நடுவில் இருந்த அந்த வருஷங்களில் டிக்கெட் வாங்கி உள்ளே போக எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: மும்பை, பெங்களூரு, சென்னையில் எல்லாம் நடத்துகிறார்கள். மதுரையில் நடக்கவே நடக்காதா அம்மா?
(கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: ஏன் நடக்காது? 2012 ஜூலையில் கோபி சங்கரும் நண்பர்களும் பால்புதுமையருக்காக, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான கட்டத்துக்குள் அடங்காதவர்களுக்காக, இதே மதுரையில் பேரணி நடத்தினார்கள், அப்போது சட்டம் இவ்வளவு தெளிவாகக்கூட இல்லை. திருநங்கையும் இந்து திருமணச் சட்டப்படி மணமகள்தான், கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது நம் மேலூர் ரோட்டில் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளையில்தான். படத்துக்கும் இந்த ஊர் புதிதில்லை, ஆவணப்பட இயக்குநர் அமுதன் 1998இல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கினார். பெரிய தியேட்டர் இருந்தால்தான் விழா என்றில்லை.

முதலில் ஒரு சின்ன ஹால் பாருங்கள், நாற்பது நாற்காலி போதும். இயக்குநர்களுக்கு நேராக எழுதிக் கேளுங்கள், சின்னப் படம் எடுப்பவர்கள் பலர் தங்கள் படத்தை யாராவது பார்த்தால் போதும் என்றுதான் இருக்கிறார்கள். தணிக்கைச் சான்று இல்லாத படத்தைப் பொதுவில் போட முடியாது, பட விழா என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்க வேண்டும், அதனால் அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். முகம் தெரியக்கூடாது என்று நினைக்கிறவர்களும் வருவார்கள், அதனால் ஹாலுக்குள் போட்டோவே எடுக்க வேண்டாம் என்று வாசலில் எழுதி ஒட்டிவிடுங்கள். வசனத்தைத் தமிழில் போட ஆள் வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள். நான் உட்கார்ந்து தட்டச்சு செய்து தருகிறேன், என் தம்பியும் செய்வான்.