தலைப்பை எழுதியதும் எழுந்து போகும் மாணவன்

கேள்வி: தக்கலை வட்டாரத்தில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். வரலாற்று மன்றத்துக்காக வியாழக்கிழமைதோறும் ‘நம் வட்டாரத்தில் குற்றமும் தண்டனையும்’ என்று ஒரு வகுப்பு எடுக்கிறேன். கழுமரத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரு தாய், தன் மகள் இரவில் தூங்கவில்லை என்று புகார் சொன்னார். எந்த அளவுக்கு விவரிக்கலாம்? வகுப்பில் ஒரு மாணவனின் தந்தை கொலை வழக்கில் தண்டனை பெற்றுப் பாளையங்கோட்டைச் சிறையில் இருக்கிறார். அவன் மனம் நோகக் கூடாது என்று நூலகச் சாவியைக் கொடுத்து அங்கே அனுப்பிவிடுவேன். இப்போது நான் தலைப்பை எழுதியவுடன் அவனே எழுந்து போய்விடுகிறான். ஆகவே அதில் சிக்கல் இல்லை.
– ஓர் ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

எவ்வளவு விவரிக்கலாம் என்பது என்னிடம் பல ஆசிரியர்கள் கேட்டுவிட்ட கேள்வி. கழுமரத்தை வரைவதை நிறுத்துங்கள். பெயரும் ஊரும் வீடும் இல்லாத ஓர் உடலைக் காட்டினால் பதினான்கு வயதுப் பிள்ளை சிரிக்கும், அல்லது இரவில் பயப்படும். கழுவேறியவன் யார், எந்தக் குற்றத்துக்காக, தீர்ப்புச் சொன்னவர் யார், அதே குற்றத்தைச் செய்துவிட்டுத் தப்பியவர் யார் என்று கேட்கத் தொடங்குங்கள், சிரிப்பு அடங்கிவிடும். அந்தத் தாயிடமும் இதையே சொல்லுங்கள்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் கடைசி வரியை. ‘அவனே எழுந்து போய்விடுகிறான், ஆகவே அதில் சிக்கல் இல்லை’ என்று எப்படி அம்மா எழுத மனம் வந்தது? நீங்கள் போ என்று சொன்னபோதாவது அந்தச் சொல்லுக்கு நீங்கள் பொறுப்பாக இருந்தீர்கள். இப்போது அந்தப் பொறுப்பையும் அவன் தலையில் ஏற்றிவிட்டீர்கள். ‘குற்றமும்’ என்று நீங்கள் எழுதி முடிப்பதற்குள், அது தன்னைப் பற்றிய சொல் என்று புரிந்துகொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, எல்லாப் பெஞ்சுகளையும் கடந்து நடந்து போகிறான். வகுப்பில் யாருக்காவது அவன் தந்தை எங்கே இருக்கிறார் என்பது தெரியாமல் இருந்திருந்தால், வியாழக்கிழமைதோறும் நீங்களே அதை அறிவித்துக் கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் பாடத்திலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. கிறிஸ்தவராக மாறிய திருவிதாங்கூர் அதிகாரி, 1749இல் கைது செய்யப்பட்ட தேவசகாயம் பிள்ளையை ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது 1752 ஜனவரி 14 அன்று. அதற்கு முன்பே, எருமையின் மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, ஊர் ஊராக நடத்திச் சென்றார்கள். அந்தக் காலத்துத் தண்டனையில் பாதி, ஊரார் கண்ணுக்கு முன்னால் ஒருவரை நடத்திச் செல்வதுதான். உயிரை எடுப்பதற்கு முன் முகத்தை எடுத்துவிடுவார்கள். இதை ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லும் நீங்கள், அதே நேரத்தில் ஒரு சிறுவன் தலைகுனிந்து வாசலைத் தாண்டுவதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறீர்கள்.

தண்டனை குற்றம் செய்தவரோடு நின்றதா என்ற கேள்வியை இந்தப் பாடத்தில் கேட்டே ஆகவேண்டும். தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி, திருவிதாங்கூரின் தளவாயாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்தபோது கடும் தண்டனைகளுக்குப் பெயர் போனவர். 1809இல் ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி தோற்று மண்ணடியில் அவர் உயிர்விட்ட பின், உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் ஊர் பார்க்கத் தொங்கவிட்டார்கள். அதோடு விடாமல் அவருடைய சகோதரரைத் தூக்கிலிட்டார்கள். உறவினர் பலரை நாடு கடத்தினார்கள். பிரிட்டிஷ் அரசு 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பிறப்பையே குற்றமாக்கியது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட அந்தச் சட்டத்தின்கீழ் கைரேகை பதிய மறுத்ததற்காகத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் மக்களைச் சுட்டார்கள். தகப்பன் செய்ததற்கு மகன் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து அகற்ற எத்தனை தலைமுறை போராட வேண்டியிருந்தது என்பதை நீங்கள் கற்பிக்கிறீர்கள். அந்தப் பாடத்தைக் கேட்க வேண்டியவர்களில் முதல் ஆள் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

நல்லெண்ணத்தில்தானே செய்தேன் என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவனிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், இல்லை. என் தாய்வீட்டுக்கு அருகே தென்னந்தோப்பின் ஓரத்தில் சுண்ணாம்பு பூசிய பீடம் ஒன்று உண்டு. கழுவேற்றப்பட்ட ஒருவனுக்கு எழுப்பியது என்று என் பாட்டி சொல்வார். பங்குனிக் கொடைவிழாவில் வில்லுப்பாட்டுக்காரர் குடத்தில் தாளம் தட்டி அவன் கதையைப் பாடும்போது, அவன் வழிவந்த வீட்டார் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். முதல் படையல் அவர்களுடையது. கதையில் அவன் செய்த பிழையும் வரும், அரசன் செய்த அநீதியும் வரும். இரண்டையும் அந்த வீட்டார் அழுதுகொண்டே கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் ஊரார், தண்டிக்கப்பட்டவனின் வீட்டாரை எழுந்து போகச் சொல்லவில்லை.

ஒரு தகப்பன் குற்றவாளி ஆகிவிட்டதால் அவர் தகப்பன் இல்லாமல் போய்விடமாட்டார். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு நடந்ததை எவரும் சிறிதாக்கக் கூடாது; அந்தப் பையனும் அதை உணர்ந்து வளர வேண்டும். ஆயினும் தாயோடு பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போய், மனுப் போட்டு, கம்பிக்கு அப்புறம் நிற்கும் தந்தையைப் பார்த்துவிட்டு வருவது மகனுக்கு உள்ள கடமை. அதற்காக அவன் எடுக்கும் விடுப்புக்கு ‘சொந்த வேலை’ என்று எழுதவைக்காதீர்கள். அப்பாவைப் பார்க்கப் போனேன் என்று அவன் ஓர் ஆசிரியரிடமாவது கூச்சமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். அந்த ஆசிரியர் நீங்களாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்த வியாழனுக்கு முன் அவன் வீட்டுக்குப் போங்கள். அவன் தாயிடம் இந்த வகுப்பில் என்ன கற்பிக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறகு அவனிடம், யாரும் இல்லாத இடத்தில், “உன்னைக் கேட்காமல் நானே முடிவு செய்துவிட்டேன், அது என் தவறு” என்று சொல்லுங்கள். வகுப்பில் இருக்க அவனுக்கு விருப்பமா என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்த நாளின் பாடத்தை எல்லோருக்குமே மாற்றுங்கள். அவனை மட்டும் அனுப்பாதீர்கள். இருக்கிறேன் என்றால், அவன் தந்தையை உதாரணமாக்கும் பேச்சு எவர் வாயிலிருந்தும் வராமல் காப்பது உங்கள் வேலை.

அந்த வகுப்பைச் சுசீந்திரத்தில் தொடங்குங்கள். சந்தேகத்துக்கு ஆளான நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தன் தூய்மையை நிரூபிக்க வேண்டியிருந்த கைமுக்கு அங்கேதான் நடந்தது; சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. திருவிதாங்கூரில் பிராமணருக்கும் பெண்களுக்கும் மரண தண்டனை விதிப்பதில்லை என்பதையும், அப்படியானால் கழுமரம் யாருக்காக நின்றது என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 1944இல் அதே திருவிதாங்கூர் மரண தண்டனையை நீக்கியதையும், இந்திய ஒன்றியத்தில் இணைந்த பின் அது திரும்பி வந்ததையும் சொல்லுங்கள். அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் தூக்குமேடை இல்லாத ஒரு நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தார்கள் என்பதைக் கேட்டால் அந்த வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அன்றைக்குக் கரும்பலகையில் தலைப்பை எழுதுவதற்கு முன், நூலகச் சாவியை அவனிடமிருந்து வாங்கி உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.