நான்கு மணிச் சோர்வுக்கு என்ன சாப்பிடலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 34. பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் மூன்று மாதங்களாகப் பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டேன். மாலை நான்கு மணி ஆனால் கண் சொருகுகிறது. பால் சேர்க்காத டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, நான்கு பிஸ்கட்டுடன் குடித்தால் அரை மணி நேரம் தெம்பாக இருக்கிறது. ஐந்தரைக்கு மறுபடியும் ஒரு டீ வேண்டியிருக்கிறது. போன வாரம் பீட்ரூட் சாறு, சியா விதை, சத்துமாவுக் கஞ்சி மூன்றையும் தொடங்கினேன். எது பயன் தந்தது என்றே தெரியவில்லை. தெம்பு தரும் தாவர உணவாக ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகி, திருப்பூர்

பதில்: மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது கைகொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பத்து நாள் அதையே தொடர்ந்து, மாலை ஆறு மணிக்கு எப்படி இருந்தீர்கள் என்பதை நாட்காட்டியின் ஓரத்தில் ஒரு சொல்லில் குறித்து வையுங்கள்.

பிற்பகலில் சற்று மந்தமாவது உடலின் இயல்பான நாள்சுழற்சியிலேயே உள்ளதுதான். மதிய உணவில் சோறு மிகுந்து பருப்பும் காயும் குறைந்திருந்தால் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் முதலில் சந்தேகிப்பது அந்த ஐந்தரை மணி டீயைத்தான். உடலுக்குள் போன காஃபீனில் பாதி நீங்குவதற்கே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், இரவு பத்தரைக்கு நீங்கள் படுக்கும்போதும் மீதிப் பாதி இரத்தத்தில் இருக்கும். அதனால் தூக்கம் ஆழமாக அமையாமல் போய், மறுநாள் நான்கு மணிக்கு மறுபடியும் கண் சொருகலாம். ஆகவே முதல் பத்து நாள் வேறு எதையும் சேர்க்காமல், அந்த இரண்டாவது டீயை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்த பத்து நாளுக்கு, பிஸ்கட்டின் இடத்தில் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலை வையுங்கள். உலர்ந்த கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. 30 கிராம் கடலையை இரவே ஊற வைத்தால் மறுநாள் ஒருவருக்குப் போதுமான சுண்டல் கிடைக்கும். அதிலுள்ள நாரும் புரதமும் செரிமானத்தை நிதானப்படுத்துவதால், பிஸ்கட்டைப் போல அரை மணி நேரத்தில் கைவிட்டுவிடாது. காலையில் தாளித்துக் கொண்டுபோகும் சுண்டலில் தேங்காய் போடாதீர்கள். திருப்பூர் வெயிலில் நான்கு மணிக்குள் ஊசிப்போகும். எலுமிச்சை மூடி ஒன்றைத் தனியாக எடுத்துப்போய், சாப்பிடும்போது பிழிந்துகொள்ளுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, கடலையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். டீயோ அதைத் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். வாயுத் தொல்லை வந்தால் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அல்லது சில நாள் பச்சைப்பயறுக்கு மாறுங்கள்.

வறுத்த வேர்க்கடலையும் நல்லதுதான், ஆனால் சுருங்கியதையும் கறுத்ததையும் கசப்பதையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கடலைமிட்டாயைப் பற்றியும் கேட்பீர்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எனக்கும் பிடிக்கும்; இருந்தாலும் அதன் எடையில் கணிசமான பங்கு வெல்லம் என்பதால் அதைத் தினசரிச் சிற்றுண்டியாகச் சொல்ல மாட்டேன்.

பானம் என்றால் என் முதல் தேர்வு கம்பங்கூழ். இரவு காய்ச்சி ஆறவைத்த கம்பங்களியைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோருக்குப் பதிலாக நீராகாரம் விட்டுக் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும். ஆனால் அது பதினொரு மணிக்கு உரியது. நான்கு மணிவரை வைத்திருந்தால் புளித்துவிடும். மாலையில் முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துப் பாருங்கள், ஏனெனில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தாகமே சோர்வாகத் தோன்றுவது உண்டு.

இத்தனைக்குப் பிறகும் சோர்வு நீடித்தால், சமையலறையில் விடை தேடுவதை நிறுத்திவிட்டு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. முட்டை, மீன், இறைச்சியும் உண்ணாதவராக நீங்கள் இருந்தால், பால் பொருளையும் விட்ட பிறகு பி12 கிடைக்க நம்பகமான தாவர உணவு எதுவும் இல்லை. மருத்துவர் சொல்லும் மாத்திரைதான் வழி.

கேள்வி: வீட்டில் எடுத்த வேர்க்கடலைப் பாலை டீயில் ஊற்றினால் திரிகிறது. என்ன செய்வது? பசும்பாலுக்கு இது ஈடாகுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கொதிக்கும் டிகாக்ஷனின் சூடும் அதன் இலேசான புளிப்பும் சேர்ந்து கடலைப் புரதத்தைத் திரள வைக்கின்றன. பாலைத் தனியாகச் சூடாக்கி, டிகாக்ஷனை இரண்டு நிமிடம் ஆறவிட்டு, பாலின் மேல் டிகாக்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். எடுத்த பாலைக் காய்ச்சி, குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வடிகட்டிய சக்கையை அடை மாவில் கலக்கலாம்.

புரதத்தைப் பொறுத்தவரை அது பயனுள்ளதுதான், ஆனால் சுண்ணாம்புச்சத்தில் பசும்பாலுக்கு ஈடாகாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் அரைத்துப் பிழிந்து காய்ச்சும் கேழ்வரகுப் பால், குழந்தைகளுக்கு மட்டும் என்று நாம் ஒதுக்கி வைத்த ஒன்று. கட்டி தட்டாமல் இருக்க அடுப்பைக் குறைத்து, கை ஓயாமல் கிளற வேண்டும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கருப்பட்டி சர்க்கரை இல்லை என்று சொல்லித் தினமும் இரண்டு தம்ளர் கருப்பட்டிப் பானகம் குடிக்கிறார். சரியா?
– வாசகி, விருதுநகர்

பதில்: சரியில்லை. கருப்பட்டியும் வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரையே. அவற்றிலுள்ள தாதுச்சத்து இரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தடுக்காது. அப்பாவுக்குப் பானகத்தின் சுக்கு வாசம்தான் பிடித்திருக்கிறது என்றால், இனிப்பு சேர்க்காமல் சுக்குமல்லிக் காப்பி போட்டுக் கொடுங்கள். ஒரு தம்ளர் பானகத்துக்குமுன் ஒரு முறையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து, இரண்டு எண்களையும் அவரிடமே காட்டுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தத் தாளை மருத்துவரிடமும் கொடுங்கள்.