பெர்லின் ஞாயித்துக்கிழமை சந்தையில பழைய கேமரா வாங்கலாமா?

கேள்வி: ஆபீஸ் ட்ரெயினிங்குக்காக மூணு வாரம் பெர்லின் போறேன் சார். ஞாயித்துக்கிழமை அங்க கடையெல்லாம் பூட்டிருக்கும், மௌவர்பார்க் பழைய சாமான் சந்தைக்குப் போய்ப் பாருன்னு சொல்றாங்க. ஃபிலிம் கேமரா ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா ஜெர்மன் தெரியாது. பேரம் பேசலாமா? வாங்கினது சரியில்லன்னா திருப்பித் தர முடியுமா?

பதில்: தாராளமா போங்க. யூ2 ரயில்ல எபர்ஸ்வால்டர் ஷ்ட்ராஸ ஸ்டேஷன்ல இறங்கினா நடக்குற தூரம்தான். 1989 வரைக்கும் பெர்லின் சுவர் நின்ன இடம் அது, இப்ப ஞாயித்துக்கிழமையானா ஜனம் நெருக்கித் தள்ளும், அதனால பர்ஸை முன் பாக்கெட்ல வெச்சுக்கோங்க. காசா எடுத்துட்டுப் போங்க, அதுவும் அஞ்சு பத்து இருவது யூரோ நோட்டா. நூறு யூரோவ நீட்டினா சில்லறை இல்லம்பாங்க, கார்டு நிறைய இடத்துல எடுக்க மாட்டாங்க.

முதல்ல யார் விக்கிறாங்கன்னு பாருங்க, இதுதான் முக்கியம். பரண்ல கிடந்தத கொண்டுவந்து விக்கிற தனி ஆளும் இருப்பாங்க, இதையே தொழிலா பண்றவங்களும் இருப்பாங்க. தனி ஆளு "பின்னாடி எதுக்கும் நான் பொறுப்பில்ல"ன்னு சொல்லி விக்க அங்க சட்டமே இடம் குடுக்குது. வியாபாரி அப்படிக் கைகழுவ முடியாது, பழைய பொருளுக்கும் குறைஞ்சது ஒரு வருஷம் பொறுப்பு உண்டு. ஆனா நீங்க மூணு வாரத்துல ஊருக்கு வந்துடுவீங்க, பில்லும் கையில இருக்காது, அப்புறம் எங்க போய்க் கேக்கறது? அதனால திருப்பித் தர்ற நினைப்பையே விட்டுட்டு அங்கயே நின்னு நிதானமா பாத்து வாங்குங்க.

ட்ரெஸ்டன்ல செஞ்ச பிராக்டிகா கேமரா அந்த ஊர் சந்தைகள்ல அடிக்கடி கண்ல படும், கிழக்கு ஜெர்மனி காலத்துச் சரக்கு. அதுல எம்டிஎல்னு வர்ற மாடல்கள்ல ஷட்டர், அதாவது ஃபிலிம்ல வெளிச்சம் படத் திறந்து மூடுற திரை, பேட்டரி இல்லாமலே ஓடும், வெளிச்சத்த அளக்குற லைட் மீட்டருக்குத்தான் பேட்டரி, அதுலயும் பழசுக்குப் போட்ட மெர்க்குரி பேட்டரி இப்ப கிடையாது, மாத்துதான் தேடணும். பின் மூடியத் திறந்து ஒரு செகண்ட் ஸ்பீடு வெச்சு ஷட்டர அழுத்திப் பாருங்க, நடுவுல சிக்கினா கீழ வெச்சிடுங்க. அப்புறம் லென்ஸ கழட்டி போன் டார்ச்ச ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாருங்க, சிலந்தி வலை மாதிரி மெல்லிசா தெரிஞ்சா அது பூஞ்சை. நான் அவசரத்துல இத பாக்காம வாங்கின லென்ஸ் ஒண்ணு நம்ம ஊர் மழைக்காலம் முடியறதுக்குள்ள முழுக்க மங்கிப்போச்சு, சரி பண்ணவே முடியல, இன்னிக்கும் வருத்தம்தான்.

பேரம் தாராளமா பேசலாம், ஆனா நம்ம ஊர் மாதிரி பாதி விலைக்குக் கேட்டா முகம் சுளிப்பாங்க. பெரும்பாலும் இங்கிலீஷே போதும், இருந்தாலும் "வாஸ் கோஸ்டெட் தஸ்?"னு விலைய ஜெர்மன்ல கேட்டா ஒரு சிரிப்பு கிடைக்கும். 40 சொன்னா 30ன்னு கேளுங்க, 35ல முடியும். சாயங்காலம் கடை கட்டுற நேரத்துல இன்னும் குறையும், என்ன, நல்ல பொருள் காலையிலயே போயிருக்கும்.

சுவர் உடைச்ச துண்டுன்னு கலர் அடிச்ச கல்லு விப்பாங்க, சர்டிஃபிகேட் இருந்தாலும் அத நம்பி பெரிய காசு குடுக்காதீங்க. யானைத் தந்தம் வெச்ச பொருள் எவ்வளவு அழகா இருந்தாலும் தொடவே தொடாதீங்க, ஏர்போர்ட்ல புடிச்சுக்குவாங்க.

கேள்வி: மூணு வாரம் ஓட்ட அங்கயே ஒரு பழைய சைக்கிள் வாங்கிக்கலாமா?

பதில்: வேண்டாங்க. பெர்லின்ல சைக்கிள் திருட்டு ரொம்ப ஜாஸ்தி. ஜெர்மன் சட்டப்படி திருட்டுப் பொருள தெரியாம காசு குடுத்து வாங்கினாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது, உரிமைக்காரர் வந்தா குடுத்துடணும், போன காசு போனதுதான். அப்படியும் வேணும்னா ஃப்ரேம் நம்பர் சுரண்டாம இருக்கான்னு பாத்து, விக்கிறவர் பேரு, அட்ரஸ், அந்த நம்பர் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து கேளுங்க. தயங்குனாருன்னா வந்துடுங்க. மூணு வாரத்துக்கு வாடகை சைக்கிளே போதும்.